பென்ஜமின் என்ற பெயருக்கு என்ன அர்த்தம்?

போன வாரம் ஓ.பி.யில் கூட்டம் ஓய்ந்த நேரம். மணி பன்னிரண்டரை இருக்கும். ஏழு வயசுப் பையன் ஒருத்தனைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் அப்பா வந்தார். சீட்டில் பென்ஜமின், ஆண், 7 என்று எழுதியிருந்தது.

"என்ன தம்பி, காய்ச்சலா?"

பையன் வாயே திறக்கல. அப்பாதான் பேசினார்.

"காய்ச்சல் இல்ல மேடம். இவன் இங்கதான் பொறந்தான். அன்னிக்கு நைட் டூட்டில நீங்கதான் இருந்தீங்க."

எனக்கு அவர் முகம் ஞாபகம் வரவில்லை. மனைவியின் பெயரைச் சொன்னார். உடனே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். போன மாசம் சொந்தத்தில் ஒரு துக்க வீடு. அங்கே வயசான ஒரு அம்மா இவனைக் காட்டி, "இவன்தானே பொறக்கும்போதே அம்மாவ முழுங்குனவன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியிருக்கிறார். பையன் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி படுத்த பிறகு அப்பாவிடம் கேட்டிருக்கிறான்.

"நான் எப்படிப்பா அம்மாவ முழுங்குனேன்?"

"நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டேங்கான் மேடம். அம்மாவ பாத்த டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களே சொல்லிருங்க."

அவனிடம் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அப்பாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஊர் பேர், ஆஸ்பத்திரி பேர், அந்தத் தாயின் பேர் எதுவும் வேண்டாம். பையனின் பேர் மட்டும் இருக்கட்டும். ஏன்னா இது அந்தப் பேரோட கதை.

முதலில் அந்த ராத்திரி.

அவங்களுக்கு அது ரெண்டாவது பிரசவம். முதல் குழந்தை பெண், வீட்டில் பாட்டியிடம் இருந்தாள். ஹீமோகுளோபின் 8க்கும் கீழே. இரும்புச்சத்து ஊசியெல்லாம் போட்டிருந்தும் பெரிசா ஏறல. சுகப்பிரசவம். பையன் பிறந்த உடனே நல்லா அழுதான். எல்லா இடத்திலும் போடுவது போல ஆக்சிடோசின் 10 யூனிட் தொடையில் போட்டாச்சு. நஞ்சும் முழுசா வந்துவிட்டது.

ஆனால் கர்ப்பப்பை சுருங்கவில்லை.

இதை மட்டும் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க. பிரசவ நேரத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். நஞ்சு பிரிந்து வந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்த வாயோடு நிற்கும். கர்ப்பப்பைத் தசை முஷ்டி மாதிரி இறுகினால்தான் அந்தக் குழாய்கள் நசுங்கி மூடும். தசை தளர்ந்துபோனால் மூட வழியில்லை. ஏற்கெனவே ரத்தசோகை இருக்கும் உடம்பு கொஞ்ச இழப்பைக்கூடத் தாங்காது. சிகிச்சை இல்லாவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் உயிர் போய்விடும். சிகிச்சை இருந்தும் சில சமயம் போகும்.

அடுத்தடுத்த மருந்துகள் போட்டோம். கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தோம். உள்ளே பலூன் வைத்தோம். கையில் இருந்த ரத்தம் ஏற்றினோம். 108ல் ஏற்றி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். கர்ப்பப்பையையே எடுத்தார்கள். விடியற்காலையில் இறந்துவிட்டார். பிறகு ஆடிட் நடந்தது. ஒவ்வொரு தாய் மரணத்துக்கும் நடக்கும். எந்த நிமிஷத்தில் என்ன செய்தோம், ரத்தம் எப்போது கேட்டோம், எப்போது வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். நான் பதில் சொன்னேன். இன்னும் பத்து நிமிஷம் முன்னாடி அனுப்பியிருக்கலாமோ என்பதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. நம்ம ஊர் நல்லாத்தான் செய்கிறது. ஆனா அந்த வீட்டுக்கு அது ஒண்ணுதான், முழுசா ஒண்ணு.

குழந்தை எங்களிடமே இருந்தான். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் காலில் கட்டியிருந்த பட்டையில் "பேபி ஆஃப்" என்று போட்டு அம்மா பெயர். எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் எழுதுவோம். அம்மா போன பிறகும் கேஸ் ஷீட்டில், பால் கொடுக்கும் அட்டவணையில், எங்கள் ரவுண்ட்ஸில் அவன் அந்தப் பேரில்தான் இருந்தான். "பேபி ஆஃப் இன்னார், பால் நல்லா குடிக்கிறான் மேடம்" என்று சிஸ்டர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு பிசையும்.

மூணாம் நாள் அப்பாவைப் பெற்ற பாட்டி வந்தார். சிஸ்டர் குழந்தையை நீட்டினாங்க. அந்தம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கிட்டாங்க.

"அம்மைய முழுங்கிட்டு வந்தவன நான் எப்படிம்மா தூக்குவேன்?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் பேசுறாங்க, விட்டுருவோம் என்று நினைத்தேன். அப்போதே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். (அந்தப் பாட்டியைத் தப்பா நினைக்காதீங்க. அப்புறம் ஆறு வருஷம் அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தது அவங்கதான்.)

அஞ்சாம் நாள் அம்மாவின் அப்பா வந்தார். ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் கட்டைப் பை. மகளை அடக்கம் பண்ணிவிட்டு வந்திருக்கிறார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் பிறப்புப் பதிவுக்காக விவரம் கேட்டு ஆள் வந்தார். 21 நாளுக்குள் பதியணும். பெயர்க் கட்டத்தை இப்போதைக்குக் காலியா விடலாம், ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கலாம். அப்பா, "காலியாவே விடுங்க சார், பேர் வைக்கிற மாதிரியா இருக்கு" என்றார்.

தாத்தா நிமிர்ந்தார். "மாப்ள, காலியா விட்டீங்கன்னா ஊர் ஒரு பேர் வச்சிரும். நீங்களே வைங்க. வேதத்துலயும் அப்பன்தான் மாத்தி வச்சான்."

நான் கிறிஸ்தவர் இல்லை. அவர் எந்தக் கதையைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். சொன்னார். அதற்குப் பிறகு இந்தப் பேரைப் பற்றி நானும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன்.

ஆதியாகமம், 35ஆம் அதிகாரம். யாக்கோபு தன் குடும்பத்தோடு பெத்தேலில் இருந்து தெற்கே போய்க்கொண்டிருக்கிறார். பெத்லகேமுக்கு இன்னும் கொஞ்ச தூரம். வழியிலேயே ராகேலுக்குப் பிரசவ வலி. கடுமையான வலி என்று அந்தப் பகுதி சொல்கிறது. மருத்துவச்சி, பயப்படாதே, இதுவும் ஆண் பிள்ளைதான் என்கிறாள். ராகேலுக்கு உயிர் போய்க்கொண்டிருக்கிறது. போகிற நேரத்தில் பிள்ளைக்கு பெனொனி என்று பெயர் வைக்கிறாள். என் துக்கத்தின் மகன் என்று அர்த்தம்.

அப்பா அந்தப் பெயரை ஏற்கவில்லை. பென்யமீன் என்று மாற்றுகிறார். வலது கையின் மகன்.

ராகேலை வழியோரத்திலேயே அடக்கம் செய்து மேலே ஒரு கல் நட்டு வைக்கிறார். பெத்லகேம் பக்கத்தில் ராகேல் கல்லறை என்று ஓர் இடம் இன்றைக்கும் இருக்கிறது. குழந்தை வேண்டியும், பிரசவம் நல்லபடி முடியவேண்டியும் பெண்கள் அங்கே போய்ப் பிரார்த்திக்கிறார்கள். கல்லறையைச் சுற்றி எடுத்த சிவப்பு நூலைக் கையில் கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பிரசவத்தில் செத்துப்போனவளிடம் போய் நல்ல பிரசவம் கேட்கிறார்கள். லேபர் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது விநோதமாகப் படாது.

ஒரு டாக்டராக இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு இரண்டு விஷயம் தோன்றியது. ஒன்று, இது ரெண்டாவது பிரசவம். முதல் மகன் யோசேப்பு. அந்தப் பேருக்கே இன்னொன்றைக் கூட்டித் தருவாராக என்றுதான் அர்த்தம். இன்னொரு பிள்ளை வேணும் என்ற ஆசையை முதல் பிள்ளை பேரிலேயே வைத்தவள் அவள். அந்த இன்னொரு பிள்ளையின் பிரசவத்தில்தான் போய்ச் சேர்ந்தாள்.

இரண்டாவது, வலி உச்சத்தில் இருக்கும்போதே மருத்துவச்சி ஆண் பிள்ளை என்று சொல்கிறாள். முழுசாகப் பிறப்பதற்கு முன்னாடியே அது தெரிந்ததென்றால் குழந்தை தலைகீழாக இல்லாமல் கால் பக்கமாக வந்திருக்குமோ? மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய கேஸ் ஷீட் யாரிடமும் இல்லை, இது என் ஊகம்தான். டூட்டி புத்தி அப்படித்தான் ஓடும்.

இப்ப பேருக்கு வருவோம்.

பென் என்றால் எபிரேயத்தில் மகன். (எங்க வார்டு ஆயாம்மா இதைக் கேட்டுட்டு, "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு டாக்டரம்மா பெண்ணுன்னு பேரு?" என்றார். எழுதும்போது னகரம் வேற, ணகரம் வேற. கூப்பிடும்போது யார் பார்க்கிறாங்க?)

யமீன் என்றால் வலது. வலது கை. பலம் உள்ள கை. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழில் வலம் என்றால் வலப்பக்கம், அதே சொல்லுக்கு வலிமை, வெற்றி என்றும் பொருள் உண்டு. வலது காலை எடுத்து வைத்து வா என்றுதான் மருமகளைக் கூப்பிடுகிறோம்.

யமீனுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. தெற்கு. கிழக்கே சூரியனைப் பார்த்து நின்று திசை குறித்தவர்களுக்கு வலது கைப் பக்கம் தெற்கு. சமஸ்கிருதத்தில் தட்சிணம் என்றால் வலது, தெற்கு இரண்டும்தான், அதே காரணம்தான். தக்காணம் அதிலிருந்து வந்தது. யாக்கோபின் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வடக்கே ஆராம் தேசத்தில் பிறந்தவர்கள். இவன் ஒருத்தன்தான் தெற்கே கானானில் பிறந்தான். அதனால் பென்யமீன் என்றால் தெற்கத்தி மகன் என்று 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற யூத உரையாசிரியர் விளக்கம் எழுதியிருக்கிறார். தென்மாவட்டத்துக்காரங்களுக்கு இந்த அர்த்தம் பிடிக்கும்.

சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் மாரி என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றிலும் தெற்கின் மக்கள் என்று பொருள்படும் பெயரோடு ஒரு மேய்ச்சல் கூட்டம் வருகிறது. அவர்களும் பைபிளின் பென்யமீன் கோத்திரமும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. பேர் பழசு என்பது மட்டும் தெரிகிறது.

சமாரியர்களிடம் இருக்கும் ஐந்து ஆகமங்களில் பேரின் கடைசி எழுத்தே வேறு. அதன்படி நாட்களின் மகன், அதாவது அப்பாவின் முதுமையில் பிறந்தவன் என்று பொருள் கொள்வார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த நாக்மானிடிஸ் சொன்ன விளக்கம். அவர் மத அறிஞர் மட்டுமில்லை, தொழிலில் மருத்துவரும்கூட. பெனொனியில் உள்ள ஓனி என்ற சொல்லுக்கு என் துக்கம் என்று பொருள். அதே எழுத்துகளுக்கு என் பலம் என்றும் பொருள் உண்டு. யாக்கோபே பிறகு தன் மூத்த மகன் ரூபனை என் பலத்தின் முதற்பலன் என்று சொல்லும்போது இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். ஆக, அப்பா அம்மா வைத்த பேரைத் தூக்கி எறியவில்லை. அவள் துக்கம் என்று சொன்ன சொல்லை அவர் பலம் என்று எடுத்துக்கொண்டார். பலத்துக்கு வலது கைதானே அடையாளம். அதையே பேராக்கினார். செத்துப்போனவள் கடைசியாகப் பேசிய சொல்லும் வீணாகவில்லை, பிள்ளை தலையிலும் அந்தப் பாரம் ஏறவில்லை.

இந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தும் எல்லாரும் யாக்கோபு மாதிரி செய்யவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன்கள் பிரசவத்தில் தாயை இழந்த குழந்தைக்கு பெனொனி என்றே பெயர் வைப்பதுண்டு. வேதத்தில் இருக்கும் பேர்தானே என்று. அந்தக் குழந்தை ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அதைக் கேட்கணும். தென்னாப்பிரிக்காவில் பெனொனி என்று ஒரு ஊரே இருக்கிறது. 1881ல் அந்த நிலத்தை அளக்கப் போன அதிகாரிக்கு அளவு சரியாக வராமல் பெரும்பாடு பட்டு, வெறுத்துப்போய் வைத்த பேர். நிலத்துக்கு வைக்கலாம், அதுக்குக் காது கிடையாது.

பைபிளிலேயே இன்னொரு கேஸும் இருக்கு. சாமுவேல் முதல் புத்தகத்தில் பினெகாசின் மனைவி. யுத்தத்தில் புருஷன் போய்விட்டான், மாமனாரும் இறந்துவிட்டார் என்ற செய்தி கேட்ட அதிர்ச்சியில் வலி கண்டு பிரசவித்து இறக்கிறாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அதே மாதிரி, பயப்படாதே, ஆண் பிள்ளை என்கிறார்கள். அவள் இக்கபோத் என்று பேர் வைக்கிறாள். மகிமை போயிற்று என்று அர்த்தம். அந்தப் பேரை மாற்ற அப்பா உயிரோடு இல்லை. அது அப்படியே நின்றுவிட்டது.

பேரை மாற்றியதால் யாக்கோபு துக்கத்தை மறந்துவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. பஞ்சத்தில் தானியம் வாங்க மற்றப் பிள்ளைகளையெல்லாம் எகிப்துக்கு அனுப்புகிறார், பென்யமீனை மட்டும் அனுப்ப மறுக்கிறார். சாகப்போகும் வயதில் பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போதும் பேச்சுக்கு நடுவில் திடீரென்று ராகேல் வழியில் செத்துப்போனதைச் சொல்கிறார். அத்தனை வருஷமும் அவருக்குள்ளே அது இருந்திருக்கிறது. பிள்ளையின் பேரில் மட்டும் இல்லை.

இந்தப் பேர் நம்மிடம் வந்தது இரண்டு வழியில். தமிழ் பைபிள் வழியாக வந்தால் பென்யமீன். ஆங்கிலத்தைச் சுற்றி வந்தால் பெஞ்சமின், பென்ஜமின். தரங்கம்பாடியில் சீகன்பால்க் பழைய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்துக்கொண்டே வந்தவர், ரூத் புத்தகம் வரை முடித்து 1719ல் இறந்துபோனார். மீதியை 1720களில் முடித்தவர் பேர் என்ன தெரியுமா? பெஞ்சமின் சூல்ட்சே.

அன்றைக்கு வார்டில் தாத்தா இவ்வளவெல்லாம் சொல்லவில்லை. ராகேல் கதையைச் சொன்னார், பேர் மாறியதைச் சொன்னார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு மகள் பேர் எழுதிய கால் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்பா பேனாவை வாங்கி பெயர்க் கட்டத்தில் தானே எழுதினார். பென்ஜமின். எழுத்துக் கோணலாக இருந்தது. பதிவுக்கு வந்தவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

இப்ப ஓ.பி.க்கு வருவோம்.

பையனைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். "கைய மடக்கு, இறுக்கமா" என்றேன். மடக்கினான். அவன் முஷ்டிக்குள் என் பேனாவைச் செருகப் பார்த்தேன். போகவில்லை. "இப்போ லூசா விடு." விட்டான். பேனா உள்ளே போய்விட்டது.

"அம்மா வயித்துக்குள்ள நீ இருந்த பை இப்படித்தான். நீ வெளிய வந்த உடனே அது இறுகணும். இறுகினா ரத்தம் நின்னுரும். உங்கம்மாவுக்கு அது இறுகல. நாங்க மருந்து குடுத்தும் இறுகல. ரத்தம் நிறையப் போயிருச்சு."

"நான் உள்ள எட்டி உதச்சதாலயா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கல. எத்தனை நாள் யோசித்திருக்கிறான் பாருங்க.

"இல்லடா. எல்லாப் பாப்பாவும் உதைக்கும். உதைக்கலைன்னாதான் நாங்க பயப்படுவோம். நீ நல்லா உதைச்ச, நல்லா வெளிய வந்த, நல்லா அழுத. உன் வேலையை நீ சரியா செஞ்ச. அந்தப் பை அதோட வேலையைச் செய்யல."

"நீங்க மருந்து லேட்டா குடுத்தீங்களா?"

அப்பா அவனை அதட்டப் போனார். நான் வேண்டாம் என்றேன். கேட்கிற உரிமை அவனுக்கு இருக்கு.

"மருந்து உடனே குடுத்தோம். அது போதல. இன்னும் சீக்கிரமா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாமான்னு நான் இப்பவும் யோசிக்கிறேன். ஆனா அது பெரியவங்க நாங்க யோசிக்க வேண்டியது. உன் கணக்குல வராது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். நம்பினானா தெரியாது. பிறகு பேர்க் கதையைச் சொன்னேன். தாத்தா சொன்னது, ராகேல், பெனொனி, பென்யமீன். வலது கையின் மகன் என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"ஆனா நான் லெஃப்ட் ஹேண்ட்லதான் எழுதுவேன்."

அப்பா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு. நல்லவேளை படித்து வைத்திருந்தேன். பென்யமீன் கோத்திரத்தில் இடது கைப் பழக்கமுள்ள வீரர்கள் எழுநூறு பேர் இருந்தார்கள் என்று நியாயாதிபதிகள் புத்தகத்தில் வருகிறது. கவணில் கல்லை வைத்து எறிந்தால் ஒரு தலைமுடியைக்கூடக் குறி தவறாமல் அடிப்பார்களாம்.

"எழுநூறு பேரும் லெஃப்ட்டா?"

"எழுநூறு பேரும்."

அவன் ஸ்டூலில் இருந்து இறங்கினான். சீட்டில் எழுத மருந்து எதுவும் இல்லை. பூச்சி மாத்திரை கடைசியா எப்போ குடுத்தீங்க என்று கேட்டு, அதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். வாசல் தாண்டும்போது அப்பாவின் சட்டையை இழுத்து உண்டிவில் வாங்கித் தரச் சொல்லிக்கொண்டிருந்தான்.